பஞ்சர் பால்

பஞ்சர் ஆனால் தானாகவே அடைத்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் கடைக்காரர் அந்த டியூப்லெஸ் சைக்கிளை என் தலையில் கட்டினார். டயருக்குள் டியூப் கிடையாது. அதற்குப் பதிலாகப் பால் போன்ற ஒன்றை ஊற்றி வைக்க வேண்டும். முள் குத்தினால் அந்தப் பால் ஓட்டைக்கு ஓடிவந்து ரப்பராக இறுகிவிடுமாம். நம் ஊர் வெயிலில் அது சீக்கிரமே காய்ந்து தொலைக்கும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

ஆனாலும் அந்தச் சைக்கிளை விட்டால் எனக்கு வேறு வழியில்லை. மகள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு சிதம்பரத்தில் இருக்கிறாள். அவள் பேச்சை எடுத்தாலே என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள். அதனால் ஞாயிறுதோறும், சர்க்கரைக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு, விடியற்காலையில் கடலூரிலிருந்து மிதிக்கத் தொடங்குவேன். எங்கே போகிறேன் என்று நானும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. வழியில் பசிக்கும் என்று மீன் வறுத்து டப்பாவில் கட்டித் தருவாள். அதைக் கமுக்கமாக மகளிடம் சேர்த்துவிடுவேன். சைக்கிள் படுத்துவிட்டால் எந்தச் சாக்கைச் சொல்லி மகளைப் பார்ப்பது?

போன ஞாயிறு ஆலப்பாக்கம் தாண்டியதும் பின் டயரில் கருவேல முள் ஏறியது. நான் பதறவில்லை. முந்தின நாள்தான் வால்வைக் கழற்றிப் பால் ஊற்றியிருந்தேன். தீரப்போகிறது என்று நினைத்திருந்த பாட்டிலில் பாதிக்கு மேல் இருந்ததில் சந்தோஷம் வேறு. முள்ளைப் பிடுங்கிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன். சுற்றச் சுற்றப் பீய்ச்சி அடித்ததே தவிர, இறுகக் காணோம். சட்டையெல்லாம் வெள்ளைப் புள்ளி. தொட்டுப் பார்த்தேன், கொஞ்சமும் பிசுபிசுப்பில்லை. டீக்கடைப் பால்கூட இதைவிடக் கெட்டியாக இருக்கும்.

வந்த ஆத்திரத்துக்குச் சைக்கிளை வாய்க்காலில் தள்ளியிருப்பேன். புதுச்சத்திரம் வரை வெயிலில் உருட்டிக்கொண்டு போனேன். பஞ்சர் கடைக்காரர் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"டியூபே இல்லாத வண்டிக்கு நான் எங்க சார் ஒட்டு போடறது? இந்த சைசுக்கு டியூப் வாங்கணும்னா கடலூருக்குத்தான் போவணும்."

அங்கிருந்துதானே வருகிறேன்! மனைவிக்குப் போன் போட்டேன்.

"சைக்கிளுக்கு ஊத்துற பால் பாட்டில என்ன பண்ணுன?"

"அதுவா? அடியில கொஞ்சூண்டுதான் கெடந்துச்சு. தண்ணி ஊத்திக் குலுக்கி வச்சேன்."

எங்கள் வீட்டில் ஷாம்பு ஆகட்டும், பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீர் ஆகட்டும், தீர்ந்தது என்று ஒரு பாட்டிலும் குப்பைக்குப் போகாது. தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் இன்னும் ஒரு வாரம் ஓடும். அந்தக் கைதான் இதிலும் விளையாடியிருக்கிறது.

"ஒன்ன யாரு அதத் தொடச் சொன்னது? நடுரோட்டுல நிக்கிறேன்!" என்று கத்தினேன். பஞ்சர் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.



"தீந்துபோச்சுன்னா இந்த வாரம் போவாம இருந்துடுவீங்களோன்னுதான் ஊத்துனேன்" என்றாள்.

போனைக் காதில் வைத்தபடியே, ஹேண்டில்பாரில் தொங்கிய டப்பாவைத் தொட்டுப் பார்த்தேன்.

"சைக்கிள அங்கியே போட்டுட்டு பஸ்ஸுல போங்க. மீனு ஆறிப்போச்சுன்னா அவ தின்னமாட்டா."