பதினேழாம் ஊரின் டப்பா

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருபத்து மூன்று ஊர்கள் இருக்கின்றன. ஊருக்கு ஒருவர். மழை பெய்தால் மறுநாள் காலை எட்டரை மணிக்கு அவரவர் ஊரில் எத்தனை மில்லிமீட்டர் என்று போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. நேரான சுவர் உள்ள ஒரு டப்பாவைத் திறந்தவெளியில் வைத்து, தேங்கிய தண்ணீரை ஸ்கேலால் அளந்தால் போதும். தர்மபுரி மாவட்டத்தில் மழையைப் பற்றிப் பேசாத ஆள் கிடையாது, ஆனால் அளந்து பேசுகிறவன் கிடையாது. அதனால் இந்தக் குழு எனக்குப் பிடித்திருந்தது.

குழுவில் யாருக்கும் பெயர் இல்லை. ஊர்ப் பெயராலேயே கூப்பிடுவோம். நான் காரிமங்கலம். முகமும் கிடையாது. ஒருவருக்கு முருகன் படம், ஒருவருக்கு ரோஜாப்பூ, ஒருவருக்கு அவர் வீட்டு எருமை. மூன்று வருடம் தினமும் பேசியவர்கள் தர்மபுரி பஸ் நிலையத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் தெரிந்திருக்காது.

எனக்குப் போட்டோ ஸ்டூடியோ. எல்லோர் கையிலும் போன் வந்த பிறகு என்னிடம் பாஸ்போர்ட் சைஸுக்குத்தான் வருகிறார்கள். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பது எனக்கு ஒத்துவரவில்லை. குழுவை நடத்துகிற உரக்கடைக்காரர், ஆண்டுவிழா வைக்கப் போகிறோம், எல்லோர் முகத்தையும் ஒரு பலகையில் வைத்தால் நன்றாக இருக்கும் என்றபோது, நானே எடுக்கிறேன் என்று எழுதிவிட்டேன். ஒரே நிபந்தனை. அவரவர் ஊரில், அவரவர் வாசலில், அவரவர் டப்பாவோடு நிற்க வேண்டும். பின்னால் திரை கிடையாது, கம்ப்யூட்டரில் வெள்ளையாக்குவது கிடையாது.

ஒரு மாதம் வண்டியிலேயே திரிந்தேன். அதியமான்கோட்டையில் பஞ்சர் கடைக்காரரின் மனைவி பால்பவுடர் டப்பாவோடு நின்றார். நெடுஞ்சாலைத் தூசி டப்பாவில் ஒரு விரல் கனத்துக்கு இருந்தது. “லாரிக்காரங்க மண்ணையும் சேத்துத்தான் அளக்கறேனுங்க, எடுங்க” என்றார். ஒகேனக்கலில் பரிசல் ஓட்டுகிறவர், “என்னைய எடுக்கறதுன்னா பல்லு கட்டுன பொறவு வாங்க” என்று ஒரு வாரம் இழுத்தடித்தார். இருபத்திரண்டு முகம் கிடைத்தது. கிடைக்காதது ஒன்று. பட்டியலில் பதினேழாவது.

பென்னாகரத்தைத் தாண்டி உள்ளே இருக்கிற சின்ன ஊர் அது. பெயரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் பதினேழு என்றே வைத்துக்கொள்கிறேன். அந்த ஊர்க்காரருக்கும் எனக்கும் ஏற்கெனவே சண்டை.

போன ஐப்பசியில் அந்த ஊருக்கு ஒரு காதுகுத்துக்கு போட்டோ எடுக்கப் போனேன். முந்தின நாள் மாலையே போய்விட்டேன். காற்றோடு மழை பிடித்துக்கொண்டது. என் வண்டிப் பெட்டியில் எப்போதும் ஒரு டப்பா இருக்கும். கோயிலுக்கு முன்னால் இருந்த காலி இடத்தில் வைத்தேன். காலையில் அளந்தால் பதினான்கு. குழுவைத் திறந்தால் பதினேழாம் ஊர்க்காரர் முப்பத்தெட்டு என்று போட்டிருக்கிறார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. டப்பாவையும் ஸ்கேலையும் படம் எடுத்துப் போட்டு எழுதினேன்: “நான் இப்ப உங்க ஊர்லதான் இருக்கேன். 14. மீதி 24 எங்க பேஞ்சது?”

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா.

“அவுரு வூட்டு மேல மட்டும் தனி மேகங்க.”

“சம்சாரம் தலைக்கு ஊத்துன தண்ணி டப்பால உழுந்துருக்கும்.”

“அடுத்த மழைக்கு அவுரு வூட்ல பரிசல் உடலாம்.”

அவர் ஒரே ஒரு வரி போட்டார். “டப்பால இருந்ததுதாங்க போட்டேன்.” அதற்கும் சிரிப்புப் பொம்மைகள். அன்றைக்கே நான் அவர் வீட்டைத் தேடி ஐந்து நிமிடம் நடந்திருக்கலாம். நடக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து ஒருவனைப் பொய்யன் என்று எழுதுவது அதைவிடச் சுலபம்.

போட்டோவுக்காகக் கூப்பிட்டபோது அவர் மூன்று முறை தட்டிக் கழித்தார். ஒரு முறை பண்டிகை, ஒரு முறை வெளியூர், ஒரு முறை உடம்பு சரியில்லை. உரக்கடைக்காரர் சொன்னார்: “அந்த ஆள நேர்ல பாத்துட்டு வாங்க. தப்பா இருந்தா தூக்கிரலாம்.” நான் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனேன். போட்டோ எடுக்க இல்லை, பொய்யைப் பிடிக்கத்தான் போனேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

வீட்டில் அவர் மனைவி மட்டும் இருந்தார். நான் காரிமங்கலம் என்றதும் முகம் மாறியது.

“நீங்கதான் அந்த போட்டோக்காரண்ணனா?”

“ஆமா. அவரு எங்க?”

“வூட்ல இல்லீங்க.”

“எப்ப வருவாரு?”

நான் வாசலைப் பார்த்தேன். சுவர் பழையது, கூரை புதுத் தகரம். சுவரை ஒட்டி ஒரு துவைக்கிற கல், கல் மேல் பெயிண்ட் டப்பா. கூரையின் விளிம்பு டப்பாவுக்கு ஒரு சாண் முன்னால் முடிந்தது. சும்மா விழுகிற மழைக்கு ஒன்றும் ஆகாது. காற்று அடித்தால் தகரத்தில் வழிகிற தண்ணீரெல்லாம் சிதறி உள்ளே விழும்.

“இந்தக் கூரை எப்பம்மா போட்டீங்க?”

“போன சித்திரையில. அவுரு அனுப்புனதுலதான்.”

“அனுப்பினாரா? எங்கிருந்து?”

அந்த அம்மா தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று புரிந்து வாயை மூடிக்கொண்டார். பிறகு மறைக்க முடியாது என்று ஆனபோது மொத்தமும் வந்தது. கணவர் ஓசூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி. போய் இரண்டு வருடம் ஆகிறது. மழை பெய்தால் காலையில் இந்த அம்மா பிள்ளையின் ஸ்கேலை விட்டு அளந்து போனில் சொல்வார். அவர் அங்கிருந்து குழுவில் போடுவார். அந்தந்த ஊரில் இருக்கிறவர்தான் போட வேண்டும், ஊரை விட்டுப் போனவர் விலக வேண்டும் என்பது குழுவின் முதல் விதி. அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

“கல்ல நகத்தாதேன்னு சொல்லிட்டுப் போனாருங்க. நானும் நகத்தல.”

கூரைத் தண்ணீர் விழுகிறது என்று காட்டினேன். தகரத்தையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப நான் சொன்னதெல்லாந் தப்பா? என்னாலயா அத்தினி பேரும் அவுரப் பாத்து சிரிச்சாங்க?”

சிரிக்க வைத்தவன் நான்.

“அண்ணா, அவுரு இங்க இல்லன்னு குரூப்ல சொல்லிராதீங்க. மத்த நாள்ல சாப்டியான்னு கேட்டுட்டு போன வச்சிருவாரு. மழ பேஞ்ச அன்னிக்கி மட்டும்தான் நெறையப் பேசுவாரு. அந்த ஊருக்கு எவ்ளோ, இந்த ஊருக்கு எவ்ளோன்னு எல்லாஞ் சொல்லுவாரு.”

டப்பாவைத் தூக்கிப் பத்தடி தள்ளித் திறந்த இடத்தில் மண்ணில் பதித்துவிட்டுக் கிளம்பினேன். வழியெல்லாம் மண்டை குடைந்தது. டப்பா தப்பு, ஆள் தப்பில்லை என்று எழுத வேண்டும். எழுதினால் ஏன் அவருக்கே தெரியவில்லை என்று கேட்பார்கள். ஊரில் இல்லை என்று சொன்னால் அவரை வெளியே தள்ளுவார்கள். சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் பொய்யன். இரண்டு நாள் ஸ்டூடியோவில் இருப்புக் கொள்ளவில்லை. பாஸ்போர்ட் சைஸுக்கு வந்த ஒரு பெரியவரைக் காரணமில்லாமல் திட்டி அனுப்பினேன். மூன்றாம் நாள் ஓசூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கேட்டின் பக்கத்தில் சின்னக் கூண்டு. உள்ளே அவர். நீலச் சட்டை, தொப்பி, வருகிற வண்டிகளின் எண்ணை எழுத ஒரு நோட்டு. நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றார். கெட்ட வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன்.

“வூட்ல சொல்லுச்சுங்க. டப்பாவ எங்க வச்சீங்க?”

“பத்தடி தள்ளி.”

“வடக்கயா? அங்க புளியமரம் இருக்குதே.”

“தெற்க.”

“அது சரி.” ஒரு கார் வந்தது. கேட்டைத் திறந்து, சல்யூட் அடித்து, மூடிவிட்டு வந்தார். “கூர போட்டதுக்கு நான் போவலீங்க. லீவு குடுக்கல. போயிருந்தா பாத்தவொடனே தெரிஞ்சிருக்கும்.”

“என் பேர்ல தப்பு. நான் கேக்காம எழுதிட்டேன்.”

“ஆமாங்க, தப்புதான்” என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அது எனக்கு வேண்டியிருந்தது.

“இப்ப நான் என்ன எழுதட்டும்? நீங்க சொல்றதுதான். வேணாம்னா வாயத் தெறக்கல.”

“எழுதிருங்க. எல்லாத்தையும். சித்திரையிலருந்து நான் போட்டத நம்ப வேணாம்னு எழுதுங்க. எங்கூருல நல்ல ஈரம்னு நெனச்சி எவனாச்சும் வெத வாங்கியிருப்பான்.”

“விதிப்படி உங்கள எடுத்துருவாங்க.”

“எடுத்தா எடுக்கட்டும். சிரிச்சிக்கிட்டே உள்ள வச்சிருக்கறதுக்கு அது மேலு.”

படம் எடுத்தேன். தொப்பியைக் கழற்றட்டுமா என்றார், வேண்டாம் என்றேன். என் டப்பாவை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இது உங்குளுது.” வெறுங்கையோடுதான் நின்றார். பின்னால் கேட்டு, வரிசையாகக் கார்கள். ஊர், வாசல், டப்பா என்று நான் போட்ட நிபந்தனையில் ஒன்றுகூட அந்தப் படத்தில் இல்லை. எடுத்த இருபத்து மூன்றில் கேமராவை நேராகப் பார்த்தது அவர் ஒருவர்தான்.

பஸ்ஸிலேயே எழுதிப் போட்டேன். கூரை, காற்று, ஓசூர், என் அவசரம், மன்னிப்பு, படம். நான்கு பேர் கட்டை விரலைத் தூக்கினார்கள். ஒருவர், “அப்ப செக்யூரிட்டி வேலையா, நல்லதுங்க” என்றார். பஸ் பாலக்கோடு வருவதற்குள் உரக்கடைக்காரர் அவரை நீக்கிவிட்டார். சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்து நின்றது. சிரித்த ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். எழுதிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எனக்கு எச்சரிக்கை வந்தது. கடைசியில், இத்தனை நாள் அளந்தது அந்த அம்மாதானே, அவர் ஊரில்தானே இருக்கிறார், அவர் எண்ணைச் சேருங்கள் என்றேன். அதற்கு விதி இடம் கொடுத்தது. சேர்த்தார்கள்.

பலகைக்கு அந்த அம்மாவின் படம் வேண்டும் என்றார் உரக்கடைக்காரர். அந்த அம்மா, “எம்மூஞ்சி எதுக்குங்க, அவுருது இருக்குதே” என்றார். அவர் படத்தை வைத்தால்தான் பலகை என்றேன். உறுப்பினர் இல்லாதவர் படம் எப்படி என்றார் உரக்கடைக்காரர். பலகை இல்லாமலே ஆண்டுவிழா நடந்தது. நான் போகவில்லை. இருபத்து மூன்று படச் சட்டங்களும் ஸ்டூடியோச் சுவரில் சாய்ந்து கிடக்கின்றன.

போன வாரம் மழை. காலையில் அந்த அம்மா போட்டது ஒரே ஒரு எண்: 9. ஊர்ப் பெயர் இல்லை, வணக்கம் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. ஓசூர்.

“வூட்ல ஒம்போதுன்னுச்சு. மத்த ஊருக்கெல்லாம் எவ்ளோங்க? அதுக்கு நாந்தான சொல்லணும்.”

கடையில் ஒரு குழந்தை நாற்காலியில் உட்கார்ந்து பள்ளி அடையாள அட்டைக்குப் படம் எடுக்கக் காத்திருந்தது. அதன் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுக் குழுவைத் திறந்தேன். அதியமான்கோட்டை ஆறு, பாலக்கோடு பதினொன்று, காரிமங்கலம் நான்கு. ஒவ்வொன்றுக்கும் அவர் “ம்” என்றார். நடுவில், “ஒரு நிமிசம், வண்டி வருது” என்றார். கேட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. லைனிலேயே நின்றேன்.