கொய்யா மரத்துக்கு மதிப்பெண் இல்லை

அடுத்தவர் தட்டை எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லித்தான் எல்லோர் வீட்டிலும் வளர்க்கிறார்கள். எனக்கு அதைச் செய்வதற்கே சம்பளம் தருகிறார்கள். கல்லூரி வளாகங்களில் கிடைக்கும் உணவு உடம்புக்கு நல்லதா என்று பார்த்து மதிப்பெண் போடுவது என் வேலை. படிவமும் கையுமாக அடுத்தவர் வாசலில் நின்றவர்களுக்கு என் கஷ்டம் புரியும். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். படிவத்தில் ஒரே ஒரு கட்டத்தில் தப்பாக டிக் அடித்தாலும் பட்டத்தைத் திருப்பிக் கேட்பார்களோ என்ற பயம் எனக்கு உண்டு.

போன வருடம் ஜவ்வாது மலையில் ஒரு கல்லூரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரே ஒரு கேன்டீன். செல்வி அக்காவும் அவர் கணவர் மாணிக்கம் அண்ணனும் நடத்துகிறார்கள். பாதி மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் அடுத்த வருடம் அவர்களுக்கு அனுமதி இல்லை. அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

வழக்கமான அளவு

ஒரு சாப்பாட்டை வாங்கி சோறு, காய், குழம்பு என்று தனித்தனியாக எடை போட வேண்டும். "பசங்களுக்குப் போடுற அதே அளவு போடுங்கண்ணா" என்றேன். மாணிக்கம் அண்ணன் தலையாட்டிவிட்டு நாலு கரண்டி சோறு போட்டு, கூட்டை இரண்டு முறை வைத்தார். பக்கத்து மாணவியின் தட்டில் இதில் பாதிதான் இருந்தது.

அளவு சரியில்லை, மறுபடி போடுங்கள் என்று கேட்டேன். மறுபடி போட்டார், இந்த முறை ஒரு முட்டையும் வந்தது. ஏன் என்று கேட்டதற்கு என் தராசை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"மொத தபா சாப்புட உக்காந்தவங்களுக்கு அளந்தாம்மா போடுவாங்க?"

ஐந்து ஆப்பிள்

"பழம் விற்பனைக்கு உள்ளதா?" என்பது படிவத்தில் பெரிய கேள்வி, நிறைய மதிப்பெண். மறுநாள் போனபோது கல்லாவுக்குப் பக்கத்தில் ஐந்து ஆப்பிள்கள் பளபளவென்று இருந்தன. போளூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்தவையாம். ஒரு மாணவி ஒன்றை எடுக்கப் போனாள். "அத்த எடுக்காத பாப்பா, அது மேடம் பாக்கறதுக்கு" என்றார் அக்கா, நான் நிற்பதை மறந்து.

விற்காத பழத்துக்கு மதிப்பெண் போட முடியாது என்றேன். அக்கா கோபப்படவில்லை. பின்னால் கூட்டிப்போய்க் கொய்யா மரத்தைக் காட்டினார். நாலைந்து பேர் கிளையை வளைத்துப் பறித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். இதை விற்கலாமே என்று கேட்டேன்.

"தானா காய்க்கிறதுக்கு நான் இன்னான்னும்மா வெல வைப்பேன்?"

மாணவர் கருத்து

குமரேசன், வேதியியல் இரண்டாம் ஆண்டு, கலசப்பாக்கத்துப் பையன். எண்ணெயில் பொரித்த பண்டம் வாரத்துக்கு எத்தனை முறை சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். "கிளாஸ் இருக்கற நாள்லாம்" என்றான். நான் முகத்தைச் சுளித்திருக்க வேண்டும். "நீங்க காலைல இன்னா சாப்ட்டீங்க மேடம்?" என்று திருப்பிக் கேட்டான். இதற்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. மூன்று மிளகாய் பஜ்ஜி என்றேன்.

"அப்போ உங்களையும் ஒரு ஃபாரத்துல எழுதிக்குங்க."

கூட்டிப் பார்த்தது

மூன்று முறை கூட்டினேன். மூன்று முறையும் பாதிக்குக் கொஞ்சம் கீழே நின்றது. பழத்துக்குப் பூஜ்யம், அதுதான் இழுத்துவிட்டது. அந்த ஐந்து ஆப்பிள்களை எழுதினால் போதும். கேட்பார் யாருமில்லை. பேனாவைத் திறந்து, மூடி, அக்காவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் வாணலியிலிருந்த பஜ்ஜியைத் திருப்பிப் போட்டார்.

"நீ பொய் எழுத வேணாம்மா. ஆனா கண்ணால பாத்த மரத்த எழுதாம வுட்டா, அது மட்டும் உண்மையா?"

பின்பக்கக் குறிப்பு

மரத்தை எழுத எங்காவது இடம் இருக்கிறதா என்று படிவத்தைப் புரட்டினேன். பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டு குறிப்புகள். சாப்பாட்டோடு சேர்த்துத் தரும் பழமும் கணக்கில் வரும். குறை இருந்தால் ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்கலாம். இத்தனை கல்லூரி ஏறி இறங்கியும் நான் அந்தப் பக்கத்தைப் படித்ததே இல்லை. இருவருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "சோத்தோட ஒரு துண்டு வச்சிட்டா ஆச்சி" என்றார் மாணிக்கம் அண்ணன், இவ்வளவுதானா என்பதுபோல. கொய்யா இல்லாத மாதத்தில் என்ன செய்வீர்கள் என்று விடாமல் கேட்டேன். ஆப்பிள் வந்த பஸ்ஸிலேயே வாழைப்பழம் வருமாம்.

ஒரு மாதம் கழித்துச் சொல்லாமல் போய் இறங்கினேன். எல்லாத் தட்டிலும் ஓரமாக ஒரு கொய்யாத் துண்டு. மீண்டும் கூட்டினேன், பாதியைத் தாண்டியிருந்தது. அன்றும் மூன்று முறை கூட்டினேன், சந்தோஷத்தில். குமரேசன் மட்டும் தன் துண்டைச் சந்தேகமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மரத்துல இருந்த வரிக்கும் நல்லாத்தான் மேடம் இருந்திச்சி. தட்டுல வச்சதும் பத்தியச் சாப்பாடு மாரி ஆயிடுச்சி."

ஆக, அக்காவுக்குக் கேன்டீன் இன்னொரு வருடம் நிலைத்தது; ஆரோக்கியத்தை அளக்கப் போன எனக்கு ஒன்றரைக் கிலோ எடை கூடியது.