போகியன்று பழைய சர்வரை அணைக்கப் போன கதை

வெளியூர் போய், ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பழைய பாதுகாப்புச் சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றிக் கொடுக்கும் வேலை உங்களுக்கு வாய்த்தால் இது உதவும். மலாக்காவைச் சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவர்களும் படிக்கலாம், சாப்பாடு வருகிறது.

போன ஜனவரியில் நானும் கூட்டாளி சிவாவும் கிள்ளானிலிருந்து கிளம்பினோம். வேலை, மலாக்காவில் சிறுநீரக நோயாளிகளுக்கு டயாலிசிஸ் செய்யும் ஒரு தர்ம நிலையத்தில். ஆயர் குரோவில் அலுவலகம், கிளேபாங்கிலும் உஜோங் பாசிரிலும் சிகிச்சைக் கூடங்கள். நாளைக் குறித்தவன் நான். பொங்கலுக்குப் பாதிப் பேர் லீவு போடுவார்கள், போகிக்கு யார் போடப் போகிறார்கள் என்று போகியைத் தேர்ந்தெடுத்தேன். கெட்டிக்காரத்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

காலை ஏழுக்குப் புறப்பட்டு, நூற்று அறுபது கிலோமீட்டர் சொச்சம் ஓட்டி, ஒன்பதே காலுக்கு ஆயர் குரோ டோலைத் தாண்டினோம். காலைச் சாப்பாடு ரொட்டி சானாய் இரண்டு, தே தாரிக் டீ ஒன்று, ஆளுக்கு ஆறு மலேசிய வெள்ளி.

வேலை இதுதான். ஒவ்வொரு கணினியும் சர்வரிடம் அவ்வப்போது வந்து 'இருக்கிறேன்' என்று தலைகாட்டும். அப்படி வரும்போது, 'இனிமேல் புது சர்வரிடம் போ' என்று பழைய சர்வர் சொல்லி அனுப்ப வேண்டும். அங்கே கணினிகளின் வட்டுகளெல்லாம் பூட்டப்பட்டவை. பூட்டு மக்கர் செய்தால் திறக்கும் சாவி பழைய சர்வரிடம் மட்டுமே இருந்தது. கணினி இடம் மாறினால்தான் சாவியும் மாறும். மாறுவதற்குள் பழையதை அணைத்துவிட்டால், ஒரு நாள் அந்தக் கணினி சாவி கேட்கும், கொடுக்க ஆளிருக்காது. உள்ளே இருப்பது நோயாளிகளின் விவரம். அந்தப் பழைய சர்வர் வாடகைப் பொருள். மாலை ஐந்து மணிக்கு லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும்.

இரண்டு வாரமாகத் தலைகாட்டாத பெயர்களை, செத்துப்போன கணினிகள் என்று காலையிலேயே கழித்துவிட்டோம். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். மற்றவை மூன்று மணிக்குள் மாறிவிட்டன, ஒன்றைத் தவிர. அது தலைமைத் தாதி தேவியின் மடிக்கணினி. நாளைக் காலை யார் எந்தப் படுக்கையில் என்ற அட்டவணை அதில்தான் இருக்கிறது. தேவி லீவு. கைப்பேசியையும் எடுக்கவில்லை. வீடு காஜா பெராங்கில், செட்டி கிராமத்தில். பல தலைமுறைக்கு முன் தமிழகத்திலிருந்து வந்து, இன்று மலாய் பேசும் இந்துக்கள் மலாக்கா செட்டிமார்.

சிவா தன் காரைப் பெற்ற தாய்க்கும் கொடுக்க மாட்டான். வாடகைக் கார் பிடித்தேன். பத்து கிலோமீட்டர், பதினாறு வெள்ளி. ஓட்டிய அம்மாவுக்கு விலாசத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"இன்னிக்கா போறீங்க தம்பி? நமக்குப் பொங்கலு நாளைக்கு, அவுங்களுக்கு இன்னிக்குத்தான் பெரிய நாளு. காடி உள்ளுக்குப் போவாது, முன்னுக்கே எறக்கி விடுறேன்."

அத்தோடு விடாமல், செட்டிமார் வீட்டில் தமிழில் பேசினால் புரியாது, மலாயில் பேசுங்கள், செருப்பை வாசலிலேயே விடுங்கள் என்று சொல்லியும் அனுப்பினார். அந்த அம்மா நன்றாக இருக்கட்டும்.

தேவியின் வீட்டார் பத்துப் பேர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். மடிக்கணினி உள்ளேதான் இருக்கிறது என்றார் தேவி. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"துங்கு டுலு, பாங். நேனே மோயாங் தெங்ஙா மாக்கான்."

கொஞ்சம் பொறுங்கள் அண்ணா, முன்னோர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். போகி பராச்சு என்று அவர்கள் சொல்லும் படையல் அது. உள்ளே வாழையிலைகளில் சோறும் மீனும் பலகாரமும் பரிமாறிவிட்டு, வீட்டார் வெளியே வந்துவிடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். செத்தவர்கள் வந்து சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. எப்போது முடியும் என்று கேட்டேன். அவர்களை எப்படி அவசரப்படுத்துவது என்று தேவியின் கணவர் சிரித்தார்.

மணி நாலரை. சிவாவுக்குப் போன் செய்து, லாரிக்காரரை எப்படியாவது பிடித்து வை என்று கெஞ்சினேன். அவரோ நல்ல மனிதர். ஒரு கோப்பியும் இரண்டு கறிபாப் பலகாரமும் போதுமானதாக இருந்ததாம்.

ஐந்தும் ஆயிற்று, ஐந்தரையும் ஆயிற்று. கதவு திறக்கவில்லை. போன்தான் அடித்தது, சிவா.

"மச்சான், அணைச்சிறாதன்னு சொன்னது நல்லதாப் போச்சுடா. கிளேபாங்லேருந்து ஒண்ணு இப்பத்தான் வந்து நிக்குது. காலையில செத்துப்போச்சுன்னு கழிச்சோமே, அதுல ஒண்ணு. அதையும் புதுசுக்கு அனுப்பிக்கிட்டிருக்கேன்."

அந்தக் கணினியின் பெயரைச் சொல்லித் தேவியிடம் கேட்டேன். சிகிச்சை இயந்திரங்களுக்குப் போகும் தண்ணீரின் பரிசோதனைக் கணக்குகளை வைத்திருக்கும் கணினி அது, மாதத்துக்கு ஒருமுறை, சாயங்கால ஷிப்டில்தான் திறப்பார்கள் என்றார். ஐந்து மணிக்கு அணைத்திருந்தால் அது அனாதை. பூட்டு மக்கர் செய்யும் நாளில் தண்ணீர்க் கணக்கு கிடைக்காது, கணக்கில்லாமல் யாரையும் படுக்கையில் ஏற்ற மாட்டார்கள்.

ஆறு மணி சுமாருக்குத் தேவியின் கணவர் கதவை மூன்று தடவை தட்டி, கொஞ்சம் நின்று, பிறகு திறந்தார். தேவி மடிக்கணினியைத் திறந்து கொடுத்தார். என் கைப்பேசி இணையத்தில் அது பத்தே நிமிடத்தில் இடம் மாறியது. அதற்குள் எனக்கும் ஓர் இலை போட்டுவிட்டார்கள். முன்னோர் சாப்பிட்ட மிச்சத்தில் எனக்கும் ஒரு பங்கு. வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அந்த மீன் சம்பலை இப்போது நினைத்தாலும் நாக்கு ஊறுகிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. போகியன்று காஜா பெராங்குக்குப் போனால் காரை வெளியிலேயே விட்டு நடங்கள், அழைக்காமல் வீட்டுக்குள் நுழையாதீர்கள். நாள் குறிக்கும் முன்பு, அங்கே வேலை செய்கிறவர்களுக்கு எது பெரிய நாள் என்று அவர்களையே கேளுங்கள். வாடகைச் சர்வரைத் திருப்பித் தர ஒரு மாதமாவது தள்ளித் தவணை கேளுங்கள். எல்லா லாரிக்காரரும் கறிபாப்புக்கு மசிய மாட்டார்கள்.

நான் இப்போதெல்லாம் எந்தப் பெயரையும் செத்துப்போச்சு என்று கழிப்பதில்லை. அவற்றுக்கும் இலை போட்டுவிட்டு, ஒரு மாதம் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவர் வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்.