வீழ்த்தியவன் கைகொடுக்க வேண்டும்

மயிலாப்பூருக்கு வந்த புதிதில் நான் வாய் திறந்தால் ஒன்று சிரித்தார்கள், இல்லையென்றால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஆமாம் என்பதற்கு நாம் 'ஓம்' என்போம் அல்லவா? நான் வாடகைக்கு இருந்த வீட்டு அம்மாள் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பார், நான் 'ஓம்' என்பேன். வெயில் அதிகமோ என்பார், அதற்கும் 'ஓம்'. சிலோனிலிருந்து வந்திருக்கும் கணக்கு வாத்தியார் பேச்சுக்குப் பேச்சு பிரணவம் சொல்லும் பெரிய பக்தர் என்ற பெயர் சில நாட்களிலேயே தெருவில் பரவிவிட்டது. ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். ரங்கூனிலும் மலாயாவிலும் இருந்து வாசிக்கிறவர்கள் சிரிக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். வேற்றுப் பாஷைக்காரர் நடுவே வாழ்வதைவிட, நம் பாஷையையே வேறு விதமாகப் பேசுகிறவர் நடுவே வாழ்வது சிரமம். அங்கே புரியவில்லை என்பதாவது புரியும்.

அப்படித் தவறிக் கேட்ட ஒரு சொல்தான் என்னைப் பந்தாட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒருநாள் சாயங்காலம் சாந்தோம் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். கட்டுமரத்தின் அருகே வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் மீன் வேண்டுமா என்று கேட்டார். 'பேந்து வாறன்' என்றேன். பிறகு வருகிறேன் என்று பொருள். அவர் காதில் 'பந்து' என்றுதான் விழுந்திருக்கிறது. "பந்துக்கா வர்றே? ஆளு பத்தல, வா வாத்யாரே" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். அவர்தான் அந்தோணி. அகன்ற தோள், கொஞ்சம் வளைந்த கால்கள். மணலில் அவர் ஓடுவதைப் பார்த்தால் தரையில் ஓடுவது போலவே இருக்கும். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கால்பந்தில் கோல் காத்தவன். பனங்கூடல் நடுவே இருந்த எங்கள் மைதானம் செம்மண்ணும் கல்லுமாகக் கெட்டியாக இருக்கும், விழுந்தால் முழங்கால் பிய்யும். இங்கே மணலில் விழுந்து எழுந்தபோது உடம்பில் ஒரு கீறலும் இல்லை. அன்றைக்குப் பிறகு நான் அந்தக் கடற்கரைக்கு நடப்பதற்காகப் போகவில்லை.

கீறல் இல்லாதது அன்று மட்டும்தான். அந்த மணலுக்கு இன்னொரு கூட்டமும் வந்துகொண்டிருந்தது. மயிலாப்பூர் மாடவீதிகளைச் சேர்ந்த காலேஜ் மாணவர்கள், புதிதாக வக்கீல் தொழிலுக்கு வந்தவர்கள். அவர்களுக்குத் தலைவன் வைத்தி. என் தெருக்காரன், பெரிய வக்கீல் ஒருவரிடம் ஜூனியர். அவர்கள் பூட்ஸ் போட்டு, வெள்ளைக்காரன் புல்தரைக்கு எழுதிய சட்டப்படி ஆடுவார்கள். அந்தோணியின் மீனவக் குப்பத்தார் வெறுங்காலோடு, தங்கள் மனசுக்குப் பட்டபடி ஆடுவார்கள். இரு கூட்டமும் மோதினால் எது தப்பு, எது சரி என்று சொல்ல ஆள் கிடையாது. ஆட்டம் கைகலப்பில்தான் முடியும். ஒருநாள் யாருடைய பூட்ஸோ அந்தோணியின் தம்பி பீட்டரின் முழங்கால் கீழெலும்பை முறித்துவிட்டது. மழைக்காலம் முழுவதும் அவன் கடலுக்குப் போகவில்லை. அதற்குப் பதிலாக வைத்தியின் சிநேகிதன் ஒருவனைக் குளக்கரையில் மறித்து யாரோ அடித்தார்கள். இனி ஒரு சண்டை நடந்தால் கடற்கரையில் பந்தே உருளாது என்று போலீஸ் இன்ஸ்பெக்டர் சொல்லியனுப்பினார். குப்பத்தில் கத்தி தீட்டுகிறார்கள் என்று மாடவீதியில் பேச்சு. மாடவீதியார் கட்டுமரங்களுக்குத் தீ வைக்கப்போகிறார்கள் என்று குப்பத்தில் பேச்சு. இரண்டு பேச்சும் என் காதுக்கு வந்தன. நான் இரண்டு இடத்துக்கும் போய் வந்துகொண்டிருந்தேன்.

வைத்திதான் முதலில் என்னிடம் வந்தான். இரு தரப்புக்கும் பொதுவாகச் சட்டம் ஒன்று செய்துகொள்ள வேண்டும், அந்தோணியை அழைத்து வர முடியுமா என்று கேட்டான். எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதே பெரும்பாடாகிவிட்டது. நான் இருந்த வீட்டின் வாசலைத் தாண்டி அந்தோணி வர முடியாது. குப்பத்துக்குள் வைத்தி வந்தால் திரும்பிப் போவான் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. கடைசியில், ஏரியை வடித்து மனை அளந்துகொண்டிருந்த மாம்பலத்துக்குப் போனோம். இன்று ஜனம் நெரியும் தியாகராய நகரில் அப்போது வெடித்த சேறும் முளைக்குச்சிகளும்தான். அது இன்னும் யாருடைய தெருவும் ஆகியிருக்கவில்லை.

வைத்தி நல்ல எண்ணத்தோடுதான் ஆரம்பித்தான். "ஒருத்தர் மேல ஒருத்தர் படப்படாதுன்னு வச்சுண்டுட்டா சண்டையே வராது, சார்" என்று என்னைப் பார்த்துச் சொன்னான்.

அந்தோணி என்னைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தார். "மேல படக்கூடாதுன்னு உங்க தெருவுல சொல்றது பத்தாதா வக்கீலே? மணல்லயும் வந்து சொல்லணுமா?"

வைத்தியின் முகம் சிவந்துபோயிற்று. அவன் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தோணிக்கு அது வேறு எந்த அர்த்தத்திலும் கேட்காது என்பதும் தெரியும். எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில் உட்காரவைத்தார்கள் என்பதற்காகப் பள்ளிக்கூடத்தையே மறித்த பெற்றோரை நான் எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன். கடல் தாண்டினால் அது இருக்காது என்று போட் மெயிலில் வரும்போது நினைத்திருந்தேன். அந்தோணி எழுந்துவிட்டார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். நின்றபடியே, மெதுவாகச் சொன்னார். "படட்டும். தோளோட தோள் மோதட்டும். ஆனா கீழ தள்னவன்தான் கைகுடுத்துத் தூக்கணும். தூக்குற வரைக்கும் பந்து உருளக்கூடாது."

வைத்தி தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். கைகொடுப்பது என்றால் அவன் வீட்டில் என்ன நடக்கும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். பிறகு சரி என்றான். மற்றவை எல்லாம் சுலபமாக அமைந்தன. பூட்ஸ் கூடாது. பக்கத்துக்கு ஏழு பேர். கோலுக்குத் துடுப்பு நடுவது. அலை தொட்டால் பந்து வெளியே. மணல் பந்து என்று பெயர் வைத்தோம். நடுவராக என்னைப் போட்டார்கள். நான் எந்தத் தெருவிலும் பிறக்காதவன் என்பதுதான் அதற்குக் காரணம். அதைச் சிறப்பாகத்தான் சொன்னார்கள். எனக்கு என்னவோ அது அப்படிக் கேட்கவில்லை.

முதல் ஆட்டத்துக்குக் கடற்கரை நிறைந்துவிட்டது. வடக்கே குப்பத்து ஜனம், தெற்கே மாடவீதி ஜனம், இன்ஸ்பெக்டரின் ஆட்கள் சாலையோரம். வைத்தியின் சிற்றப்பாவும் அங்கவஸ்திரத்தோடு வந்து நின்றிருந்தார். பீட்டர் கால் தேறி இறங்கியிருந்தான். முதல் பாதி வம்பில்லாமல் போயிற்று. இரண்டாம் பாதியில் பீட்டர் பந்தோடு துடுப்பை நெருங்கியபோது வைத்தி குறுக்கே பாய்ந்தான். தோள்தான் பட்டது. ஆனால் பீட்டர் அந்த முறிந்த கால் மடங்க விழுந்து, எழவில்லை. விசிலை ஊதினேன். அதற்குள் இரண்டு பக்கத்து ஜனமும் உள்ளே வந்துவிட்டது. பீட்டரைச் சுற்றி ஆட்கள் நெருக்கி நின்றார்கள், வைத்தியால் அவனிடம் போகவே முடியவில்லை. நான் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "ஆக்களை விலத்துங்கோ!"

நம் ஊரில் அதற்கு ஆட்களை ஒதுங்கச் சொல்லுங்கள் என்று அர்த்தம். அந்த மணலில் அது 'விலக்குங்கோ' என்று கேட்டது. கீழே கிடப்பவனை ஆட்டத்தைவிட்டே விலக்கச் சொல்கிறேன், அவன் ஆட்களையும் சேர்த்து, என்று எடுத்துக்கொண்டார்கள். யாரோ துடுப்பைப் பிடுங்கினார்கள். ஒரு பெண் மண்ணை வாரித் தூற்றினாள். கூட்டம் என்னை நோக்கித் திரும்பியது. இன்னொரு சொல் சொன்னால் அது எப்படிக் கேட்குமோ என்ற பயத்தில் நான் ஒன்றுமே சொல்லவில்லை.

அந்தோணி எனக்கு முன்னால் வந்து நின்றார். துடுப்பு ஓங்கியவனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நவுருங்கன்னுதான்டா சொல்றாரு. அவரு ஊரு பேச்சு அது. நவுருங்க" என்றார்.

ஜனம் நகர்ந்தது. வைத்திக்கு முன்னால் வழி திறந்தது. அவன் நடந்து போய்ப் பீட்டரின் முன்னால் குனிந்து கையை நீட்டினான். பீட்டர் அந்தக் கையைப் பார்த்தான், எடுக்கவில்லை. நீட்டிய கையை வைத்தி திரும்ப எடுக்கவில்லை. பிறகு பீட்டர் அதைப் பற்றிக்கொண்டு எழுந்து நின்றான். கால் சுளுக்கு மட்டும்தான். சிற்றப்பா அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அன்றைக்கு வைத்தி கிணற்றடியில் தலை முழுகிய பிறகும் அவனை வீட்டுக்குள் விடவில்லை என்று கேள்விப்பட்டேன். பல நாள் அவனுக்குச் சாப்பாடு வாசலறைக்கே வந்தது. அடுத்த ஆட்டத்துக்கு அவன்தான் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றான்.

எங்கள் சட்டம் பிறகு ஊரூராகப் போயிற்று. அடையாற்று முகத்துவாரத்தில் ஆடினார்கள், சைதாப்பேட்டையில் ஆற்று மணலில் ஆடினார்கள். எங்களைத் தெரியாதவர்கள்கூட, விழுந்தவனைத் தூக்கும்வரை நின்றார்கள். எனக்கும் தலை நரைக்கத் தொடங்கியது. அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குழு சென்னைக்கு ஆட வந்தது. மணல் பந்தைக் கேள்விப்பட்டு, ஒருநாள் கடற்கரையிலும் ஆடிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். நான் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன்.

அந்தோணி சங்கடத்தோடு என்னை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனார். "இன்னா நெனச்சுக்காதே வாத்யாரே. உன் ஊரு ஆளுங்க வந்துகீறாங்க. மனசு அந்தாண்ட சாயுமில்ல?" அவருக்குப் பதில் சொல்லுமுன் யாழ்ப்பாணக் குழுவின் தலைவன் வந்தான். என் பேச்சில் ஏறியிருந்த மயிலாப்பூரை அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவன். "குறை நினையாதேங்கோ மாஸ்டர். நீங்கள் இப்ப இஞ்சத்தை ஆள்தானே" என்றான், இவ்விடத்து ஆள் என்று.

விசிலைக் கழற்றி வைத்தியிடம் கொடுத்தேன். அவனும் இவ்விடத்தான்தானே என்று யாரும் கேட்கவில்லை. நடுக்கோட்டுக்கு நேரே கரையில் கிடந்த கட்டுமரத்தில், பார்க்க வந்தவர்களோடு போய் உட்கார்ந்தேன். வலப்பக்கம் குப்பத்தார், இடப்பக்கம் நம் ஊர்க்காரர். பீட்டர் ஒரு கோல் போட்டான், கை தட்டினேன். இடப்பக்கத்தில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். பிறகு யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன் அதைச் சமன் செய்தான். என்னை அறியாமலே எழுந்து நின்று தட்டிவிட்டேன். மீண்டும் உட்கார்ந்தபோது மரத்தில் என் இரு பக்கமும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது.