மாமாவின் மோரும் மாற்று உப்பும்

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு விதி அச்சாகியிருந்தது: மருத்துவர் எழுதாத வேறு எந்த மருந்தை உட்கொண்டாலும் அதை அவரிடம் தெரிவிக்க வேண்டும். சுரங்க அலுவலகத்தில் விதிகளோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எந்த விதியில் ஓட்டை எங்கே இருக்கும் என்று தெரியும். என் அக்காவின் கணவருக்குத் தெரியாது. நேராக அதில்தான் விழுந்தார். உப்பு மருந்தில்லையே.

மாமா சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஆழமான லெவல்களில் வேலை பார்த்தவர். அங்கே அப்படியொரு சூடு. ஷிப்டு முடிவதற்குள் சட்டையைப் பிழிந்தால் வியர்வை ஒழுகும். மயங்கி விழாமலிருக்க உப்புத் தண்ணீர் குடித்தே பழகிய ஆட்கள். வேலையை விட்டு மேலே வந்த பிறகும் கைப்பழக்கம் மாறவில்லை. ஒரு சொம்பு மோருக்கு ஒரு பிடி உப்பு. தொண்ணூறுகளின் நடுவில் இரத்த அழுத்தம் ஏறி, டாக்டர் மாத்திரை எழுதி உப்பைக் குறைக்கச் சொன்னபோது, மனிதர் முகம் வாடிப்போனார்.

அதைப் பொறுக்காமல் அவர் மகள் பெங்களூரிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். இரத்த அழுத்தக்காரர்களுக்கான மாற்று உப்பு. மாமா நக்கிப் பார்த்தார். கரிப்பு கம்மி, கடைசியில் லேசான கசப்பு. ஆகவே ஒரு பிடி இரண்டு பிடியாயிற்று. தடுத்த அக்காவிடம், "பி.பி.க்குன்னே செஞ்ச உப்பும்மே. ஜாஸ்தி போட்டா ஜாஸ்தி நல்லது" என்றாராம். மாத்திரையையும் ஒரு வேளைகூட விடவில்லை. இவ்வளவு ஒழுங்கான நோயாளியை அந்த ஆஸ்பத்திரி கண்டிருக்காது.

சில வாரங்கள் கழித்து ஒரு காலை, மாமாவால் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. ஆட்டோவில் கொண்டுபோனோம். டாக்டர் நாடியைப் பிடித்தார், பிடித்தபடியே நின்றார். அடுத்த துடிப்பு வர அவ்வளவு நேரமாயிற்று. இ.சி.ஜி. எடுத்தார், ஊசி போட்டார், வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். விதிப்படி கேள்வி, விதிப்படியே பதில்: ஒன்றுமில்லை.

அதற்குள் அக்கா வீட்டுக்குப் போய்க் கஞ்சி கொண்டுவந்துவிட்டாள். நோயாளிக்கு வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று அந்தப் பொட்டலத்தையும் எடுத்து வந்திருந்தாள். கரண்டியால் அள்ளிக் கஞ்சியில் போடப்போன கையை டாக்டர் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது?"

"பி.பி. உப்பு சார்."

பொட்டலத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "இது பூரா பொட்டாசியம். நான் குடுத்த மாத்திரை பொட்டாசியத்த ஒடம்புலயே நிறுத்தி வைக்கும். ரெண்டும் சேந்தா இதயம் நின்னுடும்மா."

படுக்கையிலிருந்து மாமாவின் குரல் மெல்ல வந்தது. "மருந்துதானே கேட்டீங்க சார். உப்ப கேக்கலியே."

டாக்டர் சிரிக்கவில்லை. அந்தப் பயத்திலும் எனக்கு மட்டும், சட்டப்படி மாமா பக்கம்தான் நியாயம் என்று பட்டது.

பிழைத்துக்கொண்டார். மாத்திரை மாறியது; மோரில் உப்பு போய் இஞ்சியும் பச்சை மிளகாயும் வந்தன. அந்த உப்பும் பொல்லாததில்லை, கேட்டுவிட்டுச் சாப்பிட்டால் பலருக்கு நல்லதுதான் என்றார் டாக்டர். கேட்க வேண்டும் என்ற வரிதான் பொட்டலத்தில் எறும்புக்கால் எழுத்தில் இருந்தது. பெரிதாக அச்சிடுங்கள் என்று தயாரிப்பாளருக்கு எழுதினேன். நினைவூட்டல், மறு நினைவூட்டல் எல்லாம் முறைப்படி அனுப்பினேன்.

மறு வருடம், யுகாதிக்கு முந்தின நாள் ஒருவழியாக வந்த பதிலை மாமாவின் வீட்டில் வைத்துத்தான் பிரித்தேன். மோரைக் குடித்துக்கொண்டே, "இன்னா எழுதிகிறான்?" என்றார்.

"டாக்டர கேட்டுட்டு சாப்புடணுமாம்."

"கேட்டாச்சு, உசுரோட கீறேன்னு எழுதிப் போடு."