அந்தோணிராஜ் மாட்டிய ஸ்கிரீன் கம்பி

ஸ்கிரீன் கம்பி மாட்டும் அந்தோணிராஜ் இன்று அதிகாலை வரதராசன்பேட்டையில் தமது வீட்டில் காலமானார். மாரடைப்பு. ஏழு மணிக்கு அவருடைய மனைவி ரெஜினா தொலைபேசியில் இதை உறுதி செய்தார்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் கனத்த திரைச்சீலை வாங்கிய பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காக என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

மகள் கைக்குழந்தையோடு வந்திருந்த நேரம். கூடத்து ஜன்னலுக்கு மேலே துளையிட்டவர், சட்டென்று மிஷினை நிறுத்தினார். துளையிலிருந்து மணலாகக் கொட்டியது.

"வெறும் பூச்சுதான் சார், பிடிக்காது. மேல கான்கிரீட்ல போடணும். நீள போல்ட் வாங்கிட்டு நாளைக்கு வரேன்."

"சாயங்காலம் விருந்தாளிங்க வர்றாங்க. துணிதானே தொங்கப்போவுது?" என்றேன்.

"துணி மட்டும் தொங்குற வூடு எது சார்? அம்மா தூளி கட்டுவாங்க."

என் மனைவிக்குச் சிரிப்பு. "எனக்கு வேற வேலை இல்லையா?"

"எல்லா அம்மாவும் இதையேதாங்க சொல்றாங்க."

மறுநாள் வந்து கான்கிரீட்டில் பிராக்கெட்டுகளை முடுக்கினார். கம்பியை இரு கைகளாலும் பிடித்து, கால்களைத் தூக்கித் தொங்கிப் பார்த்தார். "இருந்தாலும் இதுல தூளி கட்டாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டே போனார்.

நான்காம் நாள் மதியம் கரண்ட் இல்லை. ஜன்னலோரம் காற்று வருகிறதென்று மனைவி அதில்தான் தூளி கட்டியிருந்தார். கம்பி அசையவில்லை. மகிழ்வார் என்று நினைத்து அந்தோணிராஜைப் போனில் அழைத்துச் சொன்னேன்.

"மொதல்ல புள்ளைய எறக்குங்க சார்."

அடுத்த பஸ்ஸில் வந்து சீலிங்கில் தனிக் கொக்கி போட்டார். அன்றுதான் சொன்னார்: தொழிலுக்கு வந்த புதிதில், ஏலாக்குறிச்சியில் அவர் மாட்டிய கம்பி தூளியோடு பெயர்ந்து விழுந்திருக்கிறது. குழந்தைக்கு நெற்றியில் தையல்.

"கட்டுனவங்க தப்புன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. அந்தப் புள்ளையோட அம்மாவே சொல்லிச்சு. ஓட்டை போட்டது நானுங்களே."

அடக்கம் மாலை நான்கு மணிக்கு என்று முதலில் அறிவித்தார்கள். இப்போது ஐந்தரைக்குத் தள்ளியிருக்கிறார்கள். யாருக்காக என்று ரெஜினாவிடம் கேட்டேன்.

"ஜெனிட்டா வரணும் சார். அந்த ஏலாக்குறிச்சிப் புள்ளை, இப்ப சென்னையில டீச்சர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்து, 'மாமா, தழும்பு தெரியுதா பாருங்க'ன்னு நெத்திய நீட்டும். 'தெரியுது'ன்னுதான் இவரு சொல்லுவாரு."

பஸ் விழுப்புரம் தாண்டிவிட்டதாக ஒன்றரை மணிக்கு ஜெனிட்டா தகவல் அனுப்பியிருக்கிறார். பக்கத்து ஊரான ஜெயங்கொண்டத்துக்கு பஸ் நான்கரைக்கு வரவேண்டும். அவர் வந்து பார்க்கும்வரை பெட்டியை மூடவேண்டாம் என்று ரெஜினா சொல்லியிருக்கிறார்.