என் ‘ர’வும் அமெரிக்க ‘ர’வும்

காது கேட்காதவர்களுக்கு மெஷின் இருக்கிறது. காது நன்றாகக் கேட்டும் ‘ரைட்’டா ‘லைட்’டா என்று பிரிக்க முடியாதவர்களுக்கு என்னைப் போல ஓர் இங்கிலீஷ் டீச்சர்தான் கதி. இந்த வேலையில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, நியூ ஜெர்சியில் கொரியர்களுக்குப் பாடம் எடுக்கும் என் கதையைக் கேளுங்கள்.

நூற்றுக்கு நூறு

என் வகுப்பில் படிக்கும் சுன்மிக்கு என் வயசுதான். பக்கத்து ஊரான ஐசலினில் ஒரு பல் கிளினிக்கில் கருவிகள் கழுவுகிறாள். ஃபோன் எடுக்கும் ரிசப்ஷன் வேலைக்கு ஒரு மாதத்தில் ட்ரயல். தேறாவிட்டால் மறுபடி கழுவத்தான் போகணும். ‘ர’, ‘ல’ வார்த்தைகளை நான் வாசிக்க வாசிக்க, ஒன்றுகூடத் தப்பாமல் குறித்தாள். வீட்டில் வந்து ஒரே பீற்றல். என் வீட்டுக்காரர் சிரித்தார். “உன் உதட்டைப் பார்த்து எழுதியிருப்பா. நீ கொஞ்சம் வாயை மூடிக்கோ.”

ஃபைலுக்குப் பின்னால்

அடுத்த வகுப்பில் முகத்தை ஃபைலால் மறைத்துக்கொண்டு வாசித்தேன். ‘ஃப’, ‘ப’வில் வகுப்பே கோட்டை விட்டது, உதடு தெரிந்தால்தான் அவர்களுக்கு அது பிடிபடும். சுன்மிக்கு ‘ர’, ‘ல’ மட்டும் அப்போதும் நூறு!

அந்தத் தெம்பில், லைப்ரரியில் வேலை பார்க்கும் அமெரிக்க அம்மாவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். சுன்மிக்கு இருபதுக்கு ஒன்பது. சுன்மி அழுதேவிட்டாள். “டீச்சர், உங்க ‘ர’ கடகடன்னு ஓடுது. அவங்க ‘ர’ல சத்தத்தையே காணோமே!”

எல்லார் குரலும்

அன்றிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், தபால்காரர், என் பெண் என்று அமெரிக்க ‘ர’ வாயில் வருகிறவர்களை எல்லாம் வாசிக்கவைத்து ஃபோனில் பதிவு பண்ணிக் கொடுத்தேன். சுன்மி பஸ்ஸில் கேட்டுக் கேட்டுப் பதினான்குக்கு வந்தாள். போதாது என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

ட்ரயல் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் சுன்மியின் ஃபோன் வந்தது. முதல் இரண்டு அழைப்புகளில் அவள் தடுமாறியதில் டாக்டர் முகமே மாறிவிட்டதாம். மூன்றாவதை வேறொருத்தி எடுத்தால், ஓர் இந்திய அங்கிள். அவர் பேசியது அங்கே ஒருவருக்கும் புரியவில்லை. ஃபோனை மறுபடி சுன்மி கையில் கொடுத்திருக்கிறார்கள். பெயர், தெரு, மருந்து எல்லாம் ஒரே தடவையில் எழுதிவிட்டாளாம். அந்த கிளினிக்குக்கு வருவதில் பாதிப் பேர் நம்மவர்கள். “வேலை கிடைச்சிடுச்சு டீச்சர்! அந்த அங்கிள் அச்சு அசல் உங்களை மாதிரியே பேசினார்!”

அமெரிக்க இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போய், என் திருநெல்வேலி இங்கிலீஷால் ஒருத்திக்கு வேலை வாங்கிக் கொடுத்த டீச்சர் இந்த நாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.